எதிர்த்து நின்ற மின்சாரம்

மும்பையில் வாழும் தமிழர் ஒருவர் தம் வாழ்நாளில் மின்சார ரயிலில் நின்றுகொண்டே கழிக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், அது இரண்டாண்டுகளுக்குக் குறையாது. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் நாள்தோறும் நகருக்குள் புகுந்து திரும்பும் நம்மவர்க்கு ரயில் இரண்டாவது இல்லம். ஆயினும் நம் காலடியில், சக்கரங்களோடு பிணைந்து கிடக்கும் மோட்டாரைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. வண்டி நிலையத்திலிருந்து புறப்படுங்கால் நம்மைப் பின்னோக்கித் தள்ளும் அந்த இழுவை, வேகம் ஏற ஏற ஏன் தளர்கிறது? தன்னை யாரும் தடுக்காவிடினும் மோட்டார் ஓர் எல்லைக்கு மேல் விரைய மறுப்பதேன்? இவ்வினாக்களுக்கு விடை கண்ட வரலாறு நேர்வழியில் சென்றதன்று. பேரறிஞர் பலர் ஒரே தவற்றில் மீண்டும் மீண்டும் இடறி விழுந்த வரலாறு அது. அதனை இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுவோம். ஒரு பொருளைச் சுழற்றும் வலிமையை முறுக்கு விசை என்கிறோம். தீபாவளிப் பலகாரத்துக்கும் இதற்கும் முறுக்கிப் பிழிவது ஒன்றே உறவு. நம் ஊர்ச் செக்கை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். நீண்ட தடியின் முனையில் பூட்டிய மாடு மெல்லத்தான் நடக்கிறது; உலக்கை சுழலும் வேகமோ மிகக் குறைவு. ஆயினும் எள்ளை நசுக்கி எண்ணெய் வடிக்கும் அளவுக்கு அங்கே முறுக்கு விசை இருக்கிறது. விசையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பதே திறன். ஒன்றைக் கூட்ட வேண்டுமாயின், அதே திறனுக்குள் மற்றொன்றைக் குறைத்தாக வேண்டும்.

1834ஆம் ஆண்டில் கோனிக்ஸ்பர்க் நகரில் மோரிட்ஸ் யாக்கோபி என்பார், மின்காந்தங்களைக் கொண்டு தொடர்ந்து சுழலும் யந்திரம் ஒன்றை அமைத்தார். உண்மையாகவே வேலை செய்யக்கூடிய முதல் மின்மோட்டார்களுள் அதற்கு இடமுண்டு. அவருக்கு எழுந்த ஆசை பெரிது. காந்தம் இரும்பைக் கணமும் தாமதியாமல் இழுக்கிறது. அவ்விழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் தொடர்கிறது. எனவே உராய்வும் காற்றின் தடையும் இல்லாவிடில் யந்திரத்தின் வேகம் மேன்மேலும் பெருகிக்கொண்டே போக வேண்டும் என்று அவர் கருதினார். அது நிகழ்ந்திருந்தால் நீராவி யந்திரத்தின் ஆட்சி அன்றே முடிந்திருக்கும்.

நிகழவில்லை. குறித்த ஒரு வேகத்தை எட்டியதும் யந்திரம் அதற்கு மேல் விரைய மறுத்தது. மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டமும் சுருங்கியது. காரணத்தைத் தேடுவதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. காந்தப் புலத்தில் கம்பி அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். அவ்வாறு பிறக்கும் மின்சாரம் தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும் என்னும் விதியை, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆய்ந்த லென்ஸ் 1834ஆம் ஆண்டு வெளியிட்டார். மோட்டாருக்குள் சுழலும் கம்பியும் காந்தப் புலத்தில் அசையும் கம்பிதானே! ஆகவே சுழலும் மோட்டார் ஒவ்வொன்றும் அதே வேளையில் ஒரு டைனமோவாகவும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்துக்கு எதிராகத் தானும் ஒரு மின்னழுத்தத்தை எழுப்பி நிற்கிறது. வேகம் ஏற ஏற இவ்வெதிர்ப்பும் ஏறும். எதிர்ப்பு ஏற ஏற உள்ளே புகும் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் முறுக்கு விசையும் குறையும். மின்னோட்டத்தை ஒட்டி முறுக்கு விசை, வேகத்தை ஒட்டி எதிர் மின்னழுத்தம்: மோட்டாரின் சாத்திரம் முழுவதும் இவ்விரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

யாக்கோபி மனம் தளரவில்லை. 1838ஆம் ஆண்டில் மின்கலங்களை நிரப்பிய படகொன்றில் பத்துப் பேருக்கு மேற்பட்டோரை ஏற்றி, நேவா நதியில் நீரோட்டத்தை எதிர்த்துச் செலுத்திக் காட்டினார். படகு நடந்து செல்வோரைவிட மெதுவாகத்தான் சென்றது என்பர்.

இதே கனவைக் கண்ட மற்றொருவர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டரை அடுத்த ஸால்ஃபோர்டில், மது வடிக்கும் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்த இவ்விளைஞர், 1838ஆம் ஆண்டு முதல் மோட்டார்களைச் செய்து பார்த்தார். அவரையும் அதே எதிர்ப்புத் தடுத்து நிறுத்தியது. ஆனால் அவர் கணக்கில் வல்லவர். மின்கலத்தில் ஒரு பவுண்டு துத்தநாகம் கரைந்தால் கிடைக்கும் உழைப்பு, சிறந்த கார்ன்வால் நீராவி யந்திரத்தில் ஒரு பவுண்டு நிலக்கரி தரும் உழைப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டார். துத்தநாகமோ நிலக்கரியைப் போலப் பன்மடங்கு விலையுடையது. 1841ஆம் ஆண்டு மான்செஸ்டரில் நிகழ்த்திய சொற்பொழிவில், மின்மோட்டார் நீராவியை வெல்லும் என்ற நம்பிக்கை தமக்கு அநேகமாக அற்றுவிட்டதென அவர் அறிவித்தார். இளம் வயதில் வளர்த்த ஆசையைத் தம் கணக்காலேயே கொன்றுவிட்டு, அக்கணக்கின் அடிப்படையைத் தேடிச் சென்றார் அவர். 1843ஆம் ஆண்டில், காந்தங்களுக்கிடையே நீர்க்குழாய் ஒன்றில் அடைத்த கம்பிச் சுருளைச் சுழற்றி, செலவிட்ட உழைப்பையும் பிறந்த வெப்பத்தையும் அளந்தார். உழைப்புக்கும் வெப்பத்துக்கும் மாறா விகிதம் ஒன்று உண்டென்னும் பேருண்மை அங்கே புலப்பட்டது. மோட்டார் தந்த ஏமாற்றம் உலகுக்கு ஈந்த பரிசு அது.

இனி நாம் மேலே குறித்த தவற்றுக்கு வருவோம். மோட்டார் எவ்வேகத்தில் மிகுதியான திறனைத் தரும் என்று யாக்கோபி ஆராய்ந்தார். எதிர் மின்னழுத்தம் வெளி மின்னழுத்தத்தில் சரிபாதியாக இருக்கும்போது என்பது விடை. அந்நிலையில், உட்செல்லும் சக்தியில் பாதி உழைப்பாகவும் பாதி வெப்பமாகவும் பிரிந்து போகும். இது மெய்யே. ஆனால் பின்வந்தோர் இதனை வேறுவிதமாகப் படித்துவிட்டனர். எந்த மின்மோட்டாரும் தான் உண்பதில் பாதிக்கு மேல் உழைப்பாகத் தர இயலாது என்பதே அவர்கள் கொண்ட பொருள். பாதியை வீணாக்கும் யந்திரத்தில் எவர் பணம் போடுவர்? இவ்வெண்ணம் பொறியியலாளர் மனத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் வேரூன்றிக் கிடந்தது.

சிறு கணக்கு ஒன்று இம்மயக்கத்தைத் தீர்க்கும். 100 வோல்ட் மின்னழுத்தம் தருகிறோம். மோட்டாரின் மின்தடை அரை ஓம் எனக் கொள்வோம். மோட்டார் நின்றிருக்கும்போது எதிர்ப்பேதும் இல்லை. 200 ஆம்பியர் பாய்கிறது. முறுக்கு விசை உச்சத்தில் இருக்கிறது. ஆனால் சுழற்சியே இல்லாமையால் உழைப்பு சூனியம், 20,000 வாட்டும் வெப்பமாகிறது. (இந்நிலையில் நெடுநேரம் விட்டால் கம்பி கருகிவிடும்.) எதிர்ப்பு 50 வோல்டாகும் வேகத்தில் 100 ஆம்பியர் பாயும், உழைப்பு 5,000 வாட், வெப்பமும் 5,000 வாட். யாக்கோபி கண்ட உச்சம் இதுவே. வேகம் மேலும் ஏறி எதிர்ப்பு 90 வோல்டை எட்டினால், 20 ஆம்பியர் மட்டுமே பாயும். உட்சென்றது 2,000 வாட். உழைப்பு 1,800 வாட். வெப்பம் 200 வாட்தான். நூற்றுக்குத் தொண்ணூறு உழைப்பாகக் கிடைத்துவிட்டது! திறன் குறைந்தது உண்மை. வீணானதோ அதனினும் பன்மடங்கு குறைந்தது. மிகுதியான திறன் வேறு, மிகுதியான சிக்கனம் வேறு. மோட்டாரை அதன் முழு வேகத்துக்கு அணுக்கமாக, எதிர்ப்பு ஓங்கி நிற்கும் நிலையில் ஓட்டுவதே அறிவுடைமை. யாக்கோபியும் ஜூலும் பகையெனக் கருதிய அந்த எதிர்ப்பையும் மின்னோட்டத்தையும் பெருக்கிவரும் அளவே உழைப்பாக வெளிப்படுகிறது. எதிர்ப்பு இல்லாத மோட்டார் வெறும் அடுப்பு.

டைனமோ செய்வோரிடையிலும் இதே மயக்கம் நிலவியது. அமெரிக்காவில் எடிசனும் அவருடைய கணித உதவியாளர் அப்டனும் 1879ஆம் ஆண்டில் உள் மின்தடையை மிகக் குறைத்து டைனமோ ஒன்றை அமைத்து, தொண்ணூறு விழுக்காட்டை ஒட்டிய பயனைக் கூறியபோது, இது நடவாத காரியமென்று அறிந்தோர் பலர் நகைத்தனர். 1884ஆம் ஆண்டில் சில்வானஸ் தாம்ப்ஸன் டைனமோ பற்றிய தம் நூலில் பழைய தவற்றைப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டிய பிறகே தெளிவு பரவலாயிற்று. இதற்கிடையே, 1873ஆம் ஆண்டு வியன்னா கண்காட்சியில், ஒரு கிராம் டைனமோவின் மின்சாரத்தை நீண்ட கம்பி வழியே மற்றொரு கிராம் டைனமோவுக்குச் செலுத்தி, அதனை மோட்டாராக ஓட்டி நீர் இறைத்துக் காட்டியிருந்தார்கள். பணியாள் ஒருவர் கம்பியை மாற்றி இணைத்ததால் இது தற்செயலாக நேர்ந்ததென ஒரு கதை வழங்குகிறது. கதையாகவே அதனைக் கொள்க. இரண்டும் ஒரே யந்திரம் என்பதைக் கண்ணால் கண்டவர்கள்கூடப் பாதிக் கணக்கை விட்டபாடில்லை.

சாத்திரம் தெளிந்த பின்னும் சாலையில் வண்டி ஓடியாக வேண்டுமே. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில், செங்குத்தான ஏற்றங்கள் கொண்ட டிராம் பாதைக்கு மின்சாரம் பூட்டும் பொறுப்பை ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற இளைஞர் ஏற்றிருந்தார். சோதனை இரவொன்றில் ஏற்றமேறிய வண்டியின் மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. சூழ்ந்திருந்த மக்கள் அறியாவண்ணம், சில கருவிகளைக் கொண்டு வருமாறு உதவியாளரை அவர் உரக்கப் பணித்தார். வெகுநேரம் கழித்து இருளிலே வந்து சேர்ந்த கருவிகள் நான்கு கோவேறு கழுதைகள்! ஏற்றம் ஏற முறுக்கு விசை வேண்டும். முறுக்கு விசைக்கு மின்னோட்டம் வேண்டும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பமோ நான்கு மடங்காகும். ஸ்பிரேக் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே மேலும் ஓர் இணைப் பற்சக்கரத்தைப் புகுத்தினார். மோட்டார் விரைந்து சுழல, சக்கரம் மெல்லச் சுழன்று வலுவாக இழுத்தது. செக்குத் தடியின் தத்துவந்தான்.

1888ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் பாஸ்டன் டிராம் முதலாளி விட்னி பார்வையிட வந்தபோது, வரிசையாக நிற்கும் வண்டிகள் ஒருசேரப் புறப்பட்டால் மின்சாரம் தாங்குமா என்ற ஐயம் எழுந்தது. ஸ்பிரேக் நள்ளிரவில் 22 வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் புறப்படச் செய்தார். 500 வோல்டாக இருந்த மின்னழுத்தம் 200 அளவுக்கு வீழ்ந்தது, விளக்குகள் மங்கின, ஆயினும் வண்டிகள் அனைத்தும் நகர்ந்தன. நின்ற நிலையில் மோட்டாருக்கு எதிர்ப்பு இல்லை. எனவே குறைந்த மின்னழுத்தமே வேண்டிய மின்னோட்டத்தைச் செலுத்திவிடும். வேகத்துக்குத்தான் மின்னழுத்தம் வேண்டும், புறப்படுவதற்கு அன்று. அந்நள்ளிரவில் விட்னி மின்சாரத்தின் பக்கம் சாய்ந்தார். பாஸ்டன் மின்சார டிராமுக்கு மாறிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1925 பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்குத் துறைமுகப் பாதை வழியே முதல் மின்சார ரயில் ஓடியது. பம்பாய் கவர்னர் ஸர் லெஸ்லி வில்ஸன் அதனைத் தொடங்கி வைத்தார். 1,500 வோல்ட் நேர் மின்னோட்டம். (இதே முறை 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை – தாம்பரம் பாதைக்கும் வந்தது, தாம்பரத்து உறவினரிடம் நாம் ஆறாண்டு முந்தியோர் எனப் பெருமை பேசிக்கொள்ளலாம்.) இவ்வண்டிகளில் இருந்தவை தொடர்ச்சுற்று மோட்டார்கள். சுழலும் ஆர்மேச்சருக்குச் செல்லும் மின்னோட்டமே காந்தச் சுருளுக்குள்ளும் செல்லும். எனவே மின்னோட்டம் இரட்டித்தால் காந்தமும் வலுப்பெற்று, முறுக்கு விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். நெரிசலான வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்புவதற்கு இதனினும் ஏற்ற குணம் வேறென்ன? வேகம் ஏறியதும் மின்னோட்டமும் காந்தமும் சேர்ந்து மெலிய, மோட்டார் இழுப்பைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஆனால் சுமையே இல்லாமல் விட்டால் கட்டின்றி விரைந்து தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும். உழைப்பு இல்லாவிடில் கெட்டழியும் குணம் மனிதர் சிலரிடமும் உண்டு.

புறப்படும்போது 1,500 வோல்டையும் ஒருங்கே கொடுத்தால் மேலே கண்ட கணக்கின்படி கம்பி கருகிவிடும். ஆகவே தொடக்கத்தில் மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, தடைச் சுருள்களையும் இடையே வைத்து, வேகம் ஏற ஏற அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, பின்னர் மோட்டார்களை இணையாக மாற்றுவார்கள். பழைய வண்டிகள் புறப்படுகையில் படிப்படியாக உலுக்கியதை மூத்த அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வுலுக்கல் ஒவ்வொன்றும் எதிர்ப்பு வளர்ந்ததற்கு அடையாளம்.

மலைப்பாதையில்தான் இச்சாத்திரத்தின் முழு அழகும் வெளிப்பட்டது. புனாவுக்குச் செல்லும் போர் கணவாயும், நாசிக் திசையில் இகத்புரிக்குச் செல்லும் தால் கணவாயும் 37 அடிக்கு ஓரடி ஏற்றம் உடையவை. நீராவிக் காலத்தில் ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே பேரச்சம். தடைக்கட்டைகள் தேய்ந்து சூடேறி, வண்டி கைமீறி ஓடினால் அதனைத் தாங்கி நிறுத்துவதற்கென்றே ஏறுமுகமான கிளைப் பாதைகளை அமைத்திருந்தார்கள். 1930ஆம் ஆண்டுக்குள் இரு கணவாய்களுக்கும் மின்சாரம் வந்தது. சரக்கு வண்டிகளுக்காக 2,600 குதிரைத் திறன் கொண்ட நீண்ட மூக்குடைய எஞ்ஜின்கள் வந்தன. மேலைநாட்டார் அவ்வகையை முதலையென்றனர். இங்குள்ள தொழிலாளர் கேகடா, அதாவது நண்டு, என்றனர். இறங்கும்போது அவற்றின் மோட்டார்களையே டைனமோவாக மாற்றுவார்கள். காந்தச் சுருளுக்குத் தனியே மின்னோட்டம் கொடுத்து வலுவேற்றினால், எதிர் மின்னழுத்தம் 1,500 வோல்டையும் விஞ்சிவிடும். மின்னோட்டம் திசை திரும்பி மேற்கம்பிக்கு ஏறும். முறுக்கு விசையும் திசை மாறிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். இறங்கும் வண்டி தரும் மின்சாரத்தைக் கொண்டு வேறொரு வண்டி ஏறும். யாக்கோபியை மறித்து நின்ற அதே எதிர்ப்பு இங்கே சரக்கு வண்டியையும் அதன் ஓட்டுநரையும் காக்கும் கரமாயிற்று.

அம்மலையடியில் கோபோலி மின்நிலையத்திலும் இதே கதைதான் மறுபுறமிருந்து நிகழ்கிறது. 1915ஆம் ஆண்டு முதல், லோணாவளா ஏரிகளின் நீர் 500 மீட்டருக்கு மேல் வீழ்ந்து அங்கே சக்கரங்களைச் சுழற்றுகிறது. பம்பாயில் ஆலைகள் தறிகளை முடுக்கிய கணமே, கோபோலியில் டைனமோவின் மின்னோட்டம் பெருகும், அம்மின்னோட்டம் சுழற்சியைப் பின்னிழுக்கும், வேகம் இறங்கும், கட்டுப்பாட்டுக் கருவி நீரைக் கூடுதலாகத் திறந்துவிடும். நகரின் பசியை மலையடியிலுள்ள சக்கரம் தன் முறுக்கிலேயே உணர்கிறது. 2013 டிசம்பர் 31ஆம் நாள், ராய்ச்சூர் – சோலாப்பூர் மின்பாதை வழியே தென்னாட்டு மின்வலை ஏனைய இந்திய வலையோடு இணைக்கப்பட்டது. அதன்பின், தமிழகத்தில் ஒரு மின்நிலையம் திடீரென நின்றால், கோபோலியிலும் இமயத்தடியிலும் உள்ள சக்கரங்களின் வேகம் மயிரிழையளவு இறங்கி அச்செய்தியை அறிந்துகொள்கிறது.

இன்னொரு மோட்டாரின் கதை எஞ்சியிருக்கிறது. இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் 1885ஆம் ஆண்டில், மாறு மின்னோட்டத்தால் காந்தப் புலத்தையே சுழலச் செய்து, கம்பித் தொடர்பேதும் இல்லாத உருளையொன்றை அதன் பின்னே சுழல வைத்தார். சுழலும் புலத்துக்கு உருளை சற்றுப் பின்தங்கினால்தான் அதில் மின்னோட்டமும் முறுக்கு விசையும் பிறக்கும். மிகுதியான திறன் எப்போது கிடைக்கும் என்று அவரும் கணக்கிட்டார். புலத்தின் வேகத்தில் பாதி வேகத்தில் என்று விடை வந்தது. பாதிச் சக்தி வீணாகும் யந்திரத்தால் தொழிலுக்குப் பயனில்லை என்று 1888ஆம் ஆண்டில் எழுதி ஒதுங்கிக்கொண்டார். யாக்கோபியின் பெயரால் பரவிய அதே தவறு! அதே ஆண்டில் நிகோலா டெஸ்லா தம் மோட்டாருக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஃபெராரிஸின் கட்டுரையைப் படித்த டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி, பிழை எங்கேயென்று கண்டுகொண்டு, 1889ஆம் ஆண்டில் பெர்லினில் மும்முனை மோட்டாரைச் செம்மையாகச் செய்து முடித்தார்.

இம்மோட்டாருக்கு நெடுங்காலம் ஒரு குறை இருந்தது. புலம் சுழலும் வேகத்தை மின்நிலையம் முடிவு செய்துவிடுவதால், ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும் ஆலைகளுக்கு அது பொருந்தியது. நின்று நின்று ஓடும் நகர ரயிலுக்குப் பொருந்தவில்லை. குறைகடத்திச் சாதனங்கள் வளர்ந்து, வண்டிக்குள்ளேயே வேண்டிய அதிர்வெண்ணில் மின்சாரத்தைச் சமைத்துக்கொள்ளும் வசதி வந்தபின் அக்குறை நீங்கிற்று. புறப்படும்போது புலம் மெல்லச் சுழல்கிறது. வண்டி விரைய விரையப் புலமும் விரைகிறது. உருளை எப்போதும் சற்றே பின்தங்கியபடி, சிக்கனமும் இழுப்பும் ஒருங்கே கைகூடும் நிலையில் ஓடுகிறது. நிலையத்தை நெருங்கும்போது புலத்தைச் சக்கரத்தின் வேகத்துக்குச் சற்றுக் கீழே இறக்கினால் போதும். உருளை புலத்தை முந்திவிட, மோட்டார் தானாகவே டைனமோவாகி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது.

இவ்வகை வண்டிகள் 2007ஆம் ஆண்டில் மும்பைக்கு வரத் தொடங்கின. பழைய 1,500 வோல்ட் பாதைகள் ஒவ்வொன்றாக 25,000 வோல்ட் மாறு மின்னோட்டத்துக்கு மாறின. மேற்கு ரயில்வே 2012ஆம் ஆண்டிலும், மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதை 2015ஆம் ஆண்டிலும் மாறி முடிந்தன. 1925ஆம் ஆண்டில் முதலில் மின்சாரம் கண்ட துறைமுகப் பாதையே 2016 ஏப்ரலில் கடைசியாக மாறியது. நண்டு எஞ்ஜின்களுள் ஸர் லெஸ்லி வில்ஸன் பெயர் தாங்கிய ஒன்று தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தில்லி செல்லும் அன்பர்கள் ஒருமுறை அதன் நீண்ட மூக்கின் அருகே நின்று, சக்கரங்களைப் பிணைக்கும் கோல்களைக் கண்டு வரலாம்.